எதிராளி

எம்.ரெட்டியபட்டியில் செல்போன் ரிப்பேர் கடை ஒன்றின் பின்னறையில், பழைய கம்ப்யூட்டர் ஒன்றின் முன்னால் உட்கார்ந்து இரண்டு பேர் 'டெக்கன் 3' ஆடிக்கொண்டிருந்ததைச் சில மாதங்கள் தொடர்ந்து பார்த்தேன். ஒருவர் மினி வேன் ஓட்டுகிறவர், முப்பதைத் தொடப்போகிறவர். மற்றவன் பாலிடெக்னிக்கை இரண்டாம் வருஷத்தோடு விட்டவன். ஜப்பானில் 1997-இல் வெளிவந்த சண்டை ஆட்டம் அது. பையன் பிறப்பதற்கு முன்பே பழசாகிவிட்ட ஒன்று. பாங்க் முடிந்து அருப்புக்கோட்டை பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில் மழைக்கு ஒதுங்கியவன் போல நான் அங்கே ஒதுங்கினேன். (இந்தக் கரிசல் பக்கத்தில் மழைக்கு ஒதுங்குவது பெரும்பாலும் உவமைக்குத்தான் ஆகும்.)

முதலில் அலட்சியம்தான் தோன்றியது. திரையில் இரண்டு பொம்மைகள் உதைத்துக்கொள்கின்றன. இரண்டு வளர்ந்த மனிதர்கள் பொத்தான்களைத் தட்டுகிறார்கள். இதற்குத் தயாராக இருக்கும் விளக்கங்களும் எனக்குத் தெரியும்: பொழுதைக் கொல்லுதல், அடக்கிவைத்த வன்முறைக்கு ஒரு வடிகால். இந்த வடிகால் சித்தாந்தம் நம் விமர்சகர்களுக்கும் பிடித்தமானது. ஆனால் அந்த அறையில் வடிவதற்குக் கோபம் என்று ஒன்று இருக்கவில்லை. கோபப்படுகிறவன் அங்கே இரண்டு வாரம்கூடத் தாங்கமாட்டான். கோபம் வந்தவுடன் அவன் அடுத்து என்ன செய்வான் என்பது எதிராளிக்குத் தெரிந்துபோகிறது. அவர்களிடம் இருந்தது வேறு ஒன்று, ஒருவகைக் கூர்மையான நிதானம். நல்ல வாசகன் ஒரு பக்கத்தின் முன் உட்காரும்போது இருக்கக்கூடியது.

வாசகன் என்ற சொல்லைச் சும்மா போடவில்லை. இவ்வகை ஆட்டங்களில் ஒரு விநாடி 60 பிரேம்களாகப் பிரிகிறது. விரைவான குத்து பத்து பிரேமுக்குள் வந்து சேரும். அதாவது ஒரு விநாடியில் ஆறிலொரு பங்கு. கண் பார்த்து, மனம் உணர்ந்து, விரல் அசைய மனிதனுக்கு ஏறத்தாழக் கால் விநாடியாவது வேண்டும். ஆக, அந்தக் குத்தைப் பார்த்துத் தடுப்பது என்பது தேகத்தால் ஆகாத காரியம். வருவதற்கு முன்பே வருகிறது என்று அறிந்திருக்க வேண்டும். எதிரில் இருப்பவன் யார், எப்போது அவன் பொறுமை இழப்பான், அடிபட்டபின் பின்வாங்குகிற ஜாதியா பாய்கிற ஜாதியா என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஜப்பானிய ஆட்டக்காரர்கள் இதை 'யோமி' என்கிறார்கள். வாசிப்பு என்பதுதான் அச்சொல்லுக்கு அர்த்தம். ஹாங்சௌ ஆசிய விளையாட்டுப் போட்டியில், 2023-இல், 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' ஆட்டத்தில் தங்கம் வாங்கிய கொரியர் கிம் குவான்-வூவுக்கு வயது 44. விரல் வேகம் மட்டுமே விஷயமாக இருந்தால் இது நடந்திருக்க முடியாது.

வேன்காரர் வராத ஒரு நாள் அவர் இடத்தில் நான் உட்கார்ந்தேன். எண்ணுவதை நிறுத்தும்வரை தோற்றேன். பையன் கடைசியில் கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னான்: "சார், நெருக்குனா நீங்க குனிஞ்சுக்கிறீங்க. எந்திரிக்கும்போது கால்லயே தட்டுறீங்க. ஒவ்வொரு தடவையும்."

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த வாரம் கவுண்டரில் வைத்து மேலதிகாரி ஒருவர் என்னிடம் குரலை உயர்த்தினார். நான் குனிந்துகொண்டேன். அவர் உள்ளே போனதும் எழுந்து காலில் தட்டினேன். அந்தக் கால் நகைக்கடன் வட்டி கட்ட வந்து நின்ற ஒரு கிழவியுடையது. ரசீதைப் பிடித்துக்கொண்டு அவள் திரும்பிப் போனதை அதுவரை நான் ஒரு சம்பவமாகக்கூட எண்ணியிருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் யோசித்தால், விமர்சனம் என்று நான் எழுதியவற்றிலும் இதே சமாசாரம் இருக்கிறது. பெரியவர்களின் புத்தகங்கள் முன் குனிவு, அடுத்த இதழிலேயே முதல் தொகுப்புப் போட்ட யாரோ ஒரு கவிஞனின் கணுக்காலுக்கு ஓர் உதை. இதை என்னோடு பத்து வருஷம் வேலை பார்த்தவர்கள் சொல்லவில்லை, வீட்டில் சொல்லவில்லை, இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களும் சொல்லவில்லை. என் பேர்கூடச் சரியாகத் தெரியாத ஒரு பையன் நாற்பது நிமிஷத்தில் சொன்னான்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், திருச்சுழியில், 1879-இல் பிறந்தவர் 'நான் யார்' என்ற கேள்வியைத் தனக்குள்ளேயே திருப்பிக்கொண்டு மலை ஏறிப்போனார். அது ஒரு வழி. அந்தப் பின்னறையில் அதே கேள்வி எதிரில் இருப்பவனிடம் கேட்கப்படுகிறது, பதிலும் அவனிடமிருந்தே வருகிறது. ஆழ்ந்த ஆட்டக்காரன் எதிராளியை வெறுக்க முடியாமல்போவதற்குக் காரணம் பெருந்தன்மை அல்ல, தேவை. அவனைத் தவிர தன்னைக் காட்டிக்கொடுக்க வேறு ஆள் இல்லை.

வெற்றியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஆட்டங்களின் சரித்திரத்தில் அதிகம் பேசப்படுவது அமெரிக்காவில் 2004-இல் நடந்த 'ஈவோ' போட்டியின் ஒரு சில விநாடிகள். ஜப்பானிய ஆட்டக்காரர் டைகோ உமெஹாராவிடம் லைஃப் ஒரு கீற்று மட்டும் மிச்சம். சாதாரணமாகத் தடுத்தால்கூட அந்தக் கீற்று கரைந்துவிடும். எதிரில் ஜஸ்டின் வாங் பதினைந்து அடிகள் கொண்ட தாக்குதலை விடுகிறார். ஒவ்வொரு அடியையும் அது படுகிற கணத்தில் முன்னோக்கித் தட்டிக் கழித்து உமெஹாரா அந்த ஆட்டத்தை வென்றார். முதல் அடிக்கான தட்டலை, தாக்குதல் தொடங்கியபின் பார்த்துப் போட நேரம் போதாது. வாங் அதை விடப்போகிறார் என்று அவர் முன்பே வாசித்திருந்தார். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அந்தப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் உமெஹாரா தோற்றுப்போனார். வென்றவரைவிட அந்த விநாடிகளைத்தான் உலகம் ஞாபகம் வைத்திருக்கிறது.

நமக்கும் இது புதிதல்ல. ஆமூர் மல்லனோடு பொருத சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் பற்றிப் புறநானூற்றில் சில பாட்டுகள் இருக்கின்றன. நக்கண்ணையார் பாட்டொன்றில் அவன் வென்றானா இல்லையா என்று ஊர் இரண்டுபட்டு நிற்கிறது. சாத்தந்தையார் பாட்டுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மற்போரின் வேகத்தைச் சொல்ல அவர் புலியையும் யானையையும் தேடிப் போகவில்லை. ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பிரசவ வேளை, மழை பெய்கிறது, பொழுது இறங்குகிறது. இந்த நெருக்கடியில் ஒருவன் கட்டில் பின்னிக்கொண்டிருக்கிறான். அவன் கையிலுள்ள ஊசியின் விரைவுதான் அந்தப் போர். பின்னுகிறவனை அந்தப் பாட்டு அக்காலத்து இழிசொல்லால்தான் சுட்டுகிறது. ஆனால் அரசனின் சண்டைக்கு அளவுகோலாக அவன் கையைத்தான் எடுத்துக்கொள்கிறது. இந்த முரண் சாத்தந்தையாருக்குத் தெரிந்திருந்ததா என்று சொல்வதற்கில்லை. பின்னறையில் பையனின் விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஊசி ஞாபகம் வந்தது.

ஏனெனில் அவனும் வேன்காரரும் ஒரே தெருக்காரர்கள் அல்லர். எந்தத் தெரு என்று எழுதவேண்டிய அவசியமில்லை. இந்தச் சீமையை அறிந்த வாசகனுக்கு அது புரியும். 1957-இல் முதுகுளத்தூர்ப் பக்கம் கலவரம் நடந்தபோது இந்தப் பகுதியும் அதே இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. இந்த மண்ணில் ஒருவன் இன்னொருவன்மேல் கை வைத்தால் அது இரண்டு பேரோடு நிற்காது. அடித்தவனும் அடிபட்டவனும் மறைந்து இரண்டு தெருக்கள் எழுந்து நிற்கும். செல்லப்பாவின் 'வாடிவாசல்' காட்டுவதும் இதைத்தான். பிச்சி காரியைப் பிடிக்கும்போது அவன் கையில் அப்பனின் பேர் இருக்கிறது. காரியின் கொம்பில் ஜமீனின் மானம் இருக்கிறது. தோற்றது ஜமீன். சுடப்பட்டது காளை. கட்டுச்சேவலுக்கும் இதே விதி. பந்தயப் பணமும் கௌரவமும் மனிதனுடையவை, கத்தி பட்ட உடம்பு சேவலுடையது.

டெக்கனில் ஒருவன் யாருக்காகவும் ஆடுவதில்லை. இருவருக்கும் லைஃப் முழுசாகத் தொடங்குகிறது, ஒரே நீளத்தில். மேலே குலப்பெயர் இல்லை. இந்த வட்டாரத்தில் வேறு எங்கே இரண்டு பேர் இப்படித் தொடங்குகிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். கடன் விண்ணப்பத்தில் அல்ல, அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

இருந்தாலும் இதை விடுதலை என்று எழுத என் பேனா கூசுகிறது. அந்தச் சமத்துவத்தின் ஆயுள் ஒரு சுற்று, ஒரு நிமிஷம்கூட இல்லை. வேன்காரர் ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "என்னைய அவன் அளவுக்குத் தெரிஞ்சவன் எவனும் இல்ல சார். எம் பொண்டாட்டிகூட இல்ல." உண்மையாகத்தான் சொன்னார், கண் கலங்கியது. அவன் வீட்டுக்கு எப்போதாவது போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். பேசாமல் இருந்தார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன். ஒருவனின் மனத்தை ஆறிலொரு விநாடிக்கு முன்னதாக அறிவதற்கும் அவன் வாசற்படியை மிதிப்பதற்கும் இடையில் இருக்கும் தூரம் என்னைத் தொந்தரவு செய்கிறது. பின்னறையில் கிடைக்கிற திருப்தியே வாசற்படியை மறக்கச் செய்கிறதோ என்றும் சந்தேகம் உண்டு. இலக்கியத்தின்மேலும் எனக்கு இந்தச் சந்தேகம் உண்டு.

2019 பிப்ரவரியில், ஃபுகுவோகாவில் நடந்த டெக்கன் போட்டியில், லாகூர்க்காரர் அர்ஸ்லான் ஆஷ் உலகின் பெரிய பெயர்களைத் தோற்கடித்தார். அவரைப் பற்றி வெளியே அதுவரை அநேகமாக யாருக்கும் தெரியாது. விசாத் தொல்லையோடு அலைந்து வந்து சேர்ந்தவர். ஜெயித்தபின், தன்னைப் போல ஆடுகிறவர்கள் தன் நாட்டில் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்றார். யாரும் நம்பவில்லை. கொரியாவின் 'நீ' என்ற பெரும் ஆட்டக்காரர் அதே வருஷம் பாகிஸ்தானுக்கே போய்ப் பார்த்தார். அங்கே பேர் தெரியாதவர்களிடமும் தோற்றார். வெளியே போக வழியில்லாத ஒரு கூட்டம் வருஷக்கணக்கில் ஒருவரையொருவர் வாசித்தே அந்த இடத்துக்கு வந்திருந்தது. முந்நூறு பிரதி அச்சடித்து நமக்குள்ளேயே படித்துக்கொள்ளும் நாம் இதில் ஆறுதல் தேடலாம், ஆனால் அவர்கள் ஒருவரையொருவர் தோற்கடித்துக்கொண்டார்கள். நாம் பெரும்பாலும் முன்னுரை எழுதிக்கொள்கிறோம்.

பையன் தை மாதம் திருப்பூருக்குப் போய்விட்டான், பனியன் கம்பெனிக்கு. வேன்காரர் சில நாள் வந்து மெஷினோடு ஆடிப் பார்த்தார். மெஷின் நன்றாகத்தான் ஆடுகிறது, ஆனால் அதற்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை என்றார். உமெஹாரா நடுவில் இந்த ஆட்டங்களை விட்டுவிட்டு முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை பார்த்த கதையை அவரிடம் சொன்னேன். நெடுநேரம் யோசித்து, "அங்க யாருகூட ஆடுனாரு?" என்று கேட்டார்.

இப்போது அவர் தன்னுடைய 'பால்' என்ற ஆளை எடுப்பதில்லை. பையன் வழக்கமாக எடுக்கும் ஹ்வொராங்கை எடுக்கிறார். அவன் உட்காரும் பக்கத்தில் உட்காருகிறார். அங்கிருந்து பார்த்தால் தான் எப்படித் தெரிந்தோம் என்று பார்க்கிறாராம். எதிரே பாலை எடுத்துக்கொண்டு நான். கால்வரிசைகள் அவருக்கு இன்னும் வசப்படவில்லை. ஆனாலும் நெருக்குகிறார்.

"குனியாதீங்க சார்" என்றார் நேற்று.