அடைக்கலமும் உரிமையும்: கொட்டிலிற் கூடு கட்டும் குருவி பற்றியோர் அறவிசாரம்

அறவியலை ஆராய்வோர் பெரும்பாலும் போர், மரணதண்டனை, அரச கடமை முதலான பெரிய வினாக்களையே எடுத்து விசாரிப்பர். அவை பெரியன என்பதில் ஐயமில்லை. எனினும், அத்தகைய வினாக்களுக்கு விடை கூறும் பொறுப்பு சாதாரண மனிதனுக்கு வாழ்நாளில் ஒருமுறைதானும் வாய்ப்பதரிது. அவனுடைய ஒழுக்கம் உரைத்துப் பார்க்கப்படுவது எவரும் காணாத சிறு நிகழ்ச்சிகளிலேயாகும். வளவின் மூலையிலுள்ள கொட்டிலிற் காட்டுப் பறவையொன்று கூடு கட்டிவிட்டால் வளவுக்காரன் யாது செய்தல் வேண்டும் என்னும் வினா அத்தகையதொன்று. மேலோட்டமாக நோக்குமிடத்து இஃது அற்பமானது போலத் தோன்றலாம். ஆயின், உடைமை, இரக்கம், தேவை ஆகிய மூன்றும் ஒரே வளையின் கீழ் முரண்படும் வேறோர் இடத்தைக் காண்பது எளிதன்று.

யாழ்ப்பாணத்துக் கமக்காரன் ஒருவனின் கொட்டிலை உதாரணமாகக் கொள்ளலாம். கிணற்றடிக்கு அணித்தாக நாற்புறமும் பனைமட்டை வரிந்து ஓலையால் வேயப்பட்ட அக்கொட்டிலில் மண்வெட்டி, கடகம், உரப்பை, நீரிறைக்கும் இயந்திரம் என்பன இருக்கும். அடுத்த போகத்துக்கான விதை வெங்காயமும் அங்கேயே தொங்கும். கொட்டில் அவனுக்கு அலங்காரமன்று; அவனது சீவனோபாயத்தின் ஓர் உறுப்பு. அதன் வளைக்கும் ஓலைக்கும் இடையே ஒரு நாள் இரண்டு குருவிகள் தும்பும் வைக்கோலும் கொண்டுவந்து சேர்க்கின்றன. சில நாட்களில் எச்சம் விதை வெங்காயத்தின்மேல் விழுகின்றது. இயந்திரத்தை இயக்கும்போதெல்லாம் தாய்க்குருவி கலைந்து பறக்கின்றது. கமக்காரனின் மனைவி கூட்டை எடுத்து எறியுமாறு கூறுகிறாள். கிழவியான தாயோ குருவி கூடு கட்டும் வீடு விளங்கும் என்று தடுக்கிறாள். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு.

ஊர்க்குருவிக்குத் தமிழில் அடைக்கலங்குருவி என்றும் ஒரு பெயர் வழங்குதல் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. மனிதர் வாழும் மனையிலேயே வந்து தங்கும் அதன் இயல்பு அப்பெயரால் உணர்த்தப்படுகின்றது. ஆனால் அடைக்கலம் என்ற சொல் பறவையியலுக்கு உரியதன்று, அறவியலுக்கு உரியது. அடைக்கலம் புகுந்தவரைக் காத்தல் கடன் என்பது தமிழர் மரபு. அவ்வாறாயின், இப்பெயரை இட்டவர்கள் ஒரு கடப்பாட்டையும் உடன் ஏற்றுக்கொண்டார்களா? அன்றேல் அது வெறும் உபசாரப் பெயரா?

இவ்வினாவுக்கு மூன்று வகையான விடைகள் கூறப்படலாம். முதலாவது, உடைமையை அடிப்படையாகக் கொண்டது. கொட்டில் கமக்காரனுக்குரியது, கேளாது புகுந்த உயிரை அகற்ற அவனுக்குப் பூரண உரிமையுண்டு என்பது இதன் சாரம். இரண்டாவது, உயிர்க்கொலை எக்காலத்தும் பாவம். ஆகவே கூட்டைத் தீண்டவே கூடாது என்பது. மூன்றாவது, விலங்குகள்பால் மனிதனுக்கு நேரடியான கடமை எதுவுமில்லை; அவற்றைக் கொடுமைப்படுத்துபவன் மனிதரிடத்தும் கொடியனாவான் என்பதற்காகவே அது தவிர்க்கப்படல் வேண்டும் என்பது. இம்மூன்றாவது கருத்து ஜேர்மனிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற்றின் பெயரோடு தொடர்புடையது.

இவற்றுள் எதுவும் முழுமையாகத் திருப்தி தருவதன்று. உடைமை வாதத்தை முதலில் நோக்குதல் தகும். அத்துமீறல் என்பது எல்லையை அறியக்கூடியவர்பாற் சுமத்தத்தக்க குற்றமாகும். வேலியும் உறுதியும் குருவிக்குத் தெரியா. கொட்டிலின் வளை அதற்கு மழைபடாத ஒரு மரப்பொந்துக்கு ஒப்பானது. ஆகவே அதனைக் குற்றவாளியாகக் கருதித் தண்டித்தல் பொருந்தாது. ஆயின் அறியாமையால் குருவிக்குக் கொட்டிலில் உரிமை பிறந்துவிடுவதுமில்லை. குற்றமின்மை வேறு, உரிமையுடைமை வேறு.

கான்ற்றின் கருத்தும் ஒரு முக்கிய உண்மையைத் தவறவிடுகின்றது. எறியப்பட்ட கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு வெயிலிற் கிடந்து துடிக்கும்போது, அத்துடிப்புத் தீயதாவது அது கமக்காரனின் குணத்தைக் கெடுப்பதனால் மட்டுமன்று. அக்குஞ்சு நோவதனாலேயே அது தீயது. ஆங்கில மெய்யியலாளர் ஜெரமி பெந்தாம் 1789 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில், ஓர் உயிர் சிந்திக்க வல்லதா, பேச வல்லதா என்பதைவிட, துன்புற வல்லதா என்பதே கேட்கப்பட வேண்டியது என்ற கருத்தை முன்வைத்தார். 1975 இல் பீற்றர் சிங்கர் விலங்குகளின் விடுதலை பற்றி எழுதிய நூல் இவ்வடியொற்றியே எழுந்தது. வள்ளுவர் அருளுடைமையையும் கொல்லாமையையும் தனித்தனி அதிகாரங்களாக வகுத்தமையும் ஈண்டு கருதற்பாலது. கொல்லாதிருத்தல் மட்டும் அருளாகிவிடாது. அருள் அதனினும் விரிந்தது.

அவ்வாறெனின் கூட்டைத் தீண்டவே கூடாதென்னும் இரண்டாவது விடையை ஏற்கலாமா? அதற்கு முன்னர்க் காலம் என்னும் ஒரு காரணியைக் கவனத்திற் கொள்ளல் வேண்டும். குருவி தும்பு கொண்டுவரும் முதல் நாளில் அது எதையும் இழந்துவிடவில்லை. அன்று இடைவெளியை அடைத்தால் வேறிடம் தேடிச் செல்லும். முட்டையிட்ட பின்னரோ நிலைமை முற்றாக மாறிவிடுகின்றது. முட்டைகளைக் காவிச்செல்லக் குருவியால் இயலாது. அவை பொரிப்பதற்கு ஏறத்தாழ இரு வாரங்களும், குஞ்சுகள் இறகு முளைத்துக் கூட்டைவிட்டு வெளியேற மேலும் இரு வாரங்களும் செல்லும். அவ்வொரு மாத காலத்துக்கு அவ்வுயிர்களுக்கு அந்த ஒரு சாண் இடத்தையன்றி உலகில் வேறிடம் இல்லை. கமக்காரனின் கடப்பாடு பிறப்பது இங்கேதான். அது குருவியின் உரிமையிலிருந்து பிறப்பதன்று. மாற்றிடம் அற்ற அதன் நிலையிலிருந்து பிறப்பது. எனவே அக்கடப்பாட்டுக்கு ஒரு தொடக்கம் உண்டு. ஒரு முடிவும் உண்டு.

சட்டங்களும் ஏறத்தாழ இவ்வுணர்வையே பிரதிபலிக்கின்றன. பிரித்தானியாவில் 1981 ஆம் ஆண்டுச் சட்டம் காட்டுப் பறவையின் கூடு கட்டப்படும்போதும் பயன்படுத்தப்படும்போதும் அதனை வேண்டுமென்று அழித்தலைக் குற்றமாக்கியது. கூடு கட்டத் தொடங்கியதுமே காவலும் தொடங்கிவிடுகிறது. கூட்டினுள் முட்டை உண்டா இல்லையா என்பது கீழே நிற்பவனின் கண்ணுக்குப் புலப்படாது. ஆதலால் ஐயத்தின் பயனைப் பறவைக்கு அளித்தல் விவேகமாகும். இலங்கையிலும் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், பின்னர் செய்யப்பட்ட திருத்தங்களுடன், அட்டவணையில் விலக்கப்பட்ட சில இனங்கள் நீங்கலாக ஏனைய பறவைகளுக்குப் பாதுகாப்பளிக்கின்றது. எனினும், பூட்டிய கொட்டிலினுள் நிகழ்வதைச் சட்டம் காண்பதில்லை. அங்கே சாட்சி மனச்சாட்சியொன்றே.

காத்திருத்தலால் வரும் நட்டத்தைத் தாங்குபவர் யாவர் என்பது அடுத்து எழும் வினா. புறாவின் பொருட்டுத் தன் தசையை அரிந்து தராசிலிட்ட சிபியின் கதை தமிழர் நன்கறிந்தது. அக்கதையிற் பலரும் வியப்பது புறாவுக்குக் கிடைத்த அடைக்கலத்தையே. ஆயின் பருந்தின் பசியையும் சிபி ஒரு நியாயமான வழக்காக ஏற்றுக்கொண்டான் என்பது அதனினும் ஆழமானது. தன் இரக்கத்தின் விலையைப் பருந்தின்மேலோ வேறொருவர்மேலோ அவன் சுமத்தவில்லை, தானே கொடுத்தான். கொட்டிலின் சொந்தக்காரர் கொழும்பில் இருந்துகொண்டு, குருவி கலையும், கொட்டிலைத் திறக்க வேண்டாம் எனக் குத்தகைக்காரனுக்குக் கடிதம் எழுதுவாராயின் அது சிபியின் அறமன்று. அங்கே இரக்கம் ஒருவருடையது, நட்டம் மற்றொருவருடையது. தண்ணீரின்றி வாடும் பயிருக்கு ஈடு செய்ய முன்வராதவர் குருவிக்காகப் பேசும் தகுதியை இழந்துவிடுகிறார். கையிருப்பு உள்ளவனுக்கு ஒரு மாதம் காத்திருத்தல் வெறும் அசௌகரியம். அன்றாடம் உழைத்து உண்பவனுக்கு அது அடுப்பெரியும் பிரச்சினை. இரு சாராரையும் ஒரே அளவுகோலால் அளத்தல் நீதியாகாது.

நடைமுறையில் இம்முரண்பாடு பல வேளைகளிற் தோற்றமளவிலேயே உள்ளது. விதை வெங்காயத்தை மறுபக்க வளைக்கு மாற்றலாம். அன்றேல் கூட்டின் கீழே ஒரு பழைய பாயைக் கட்டலாம். இயந்திரத்தை நிறுத்த வேண்டிய அவசியமுமில்லை. நாள்தோறும் ஒழுங்காக எழும் ஓசைக்கு மனையருகே வாழும் பறவைகள் பெரும்பாலும் பழகிவிடுகின்றன. உண்மையான முரண்பாடு எழுவது கூரை வேயும் காலத்திலாகும். வடகீழ்ப் பருவமழைக்கு முன்னர் உக்கிய ஓலை மாற்றப்பட்டாக வேண்டும். அப்போதும் கூடுள்ள மூலையை இறுதிக்கு விட்டு ஏனைய பகுதியை முதலில் வேயலாம். அதற்கும் அவகாசமின்றி மழை வந்துவிடுமாயின், அக்கூரையின் கீழ்க் குடும்பமொன்று உறங்க வேண்டியிருக்குமாயின், மனிதரின் தேவையே முந்தியது. அவ்வேளையிற் கூட்டை அகற்றுபவன் பாவியல்லன். ஆயினும், வேறு வழி உண்டா என்று முதலிற் தேடியவனுக்கே அக்கூற்றுப் பொருந்தும். தேடாமலே அவசியம் என்பவன் அவசியத்தைச் சாட்டாக்குகிறான்.

காத்தல் என்பது எதுவரை செல்லும் என்ற வினாவும் உண்டு. சாரைப்பாம்பு கூட்டை நாடி வந்தால் அதனை விரட்டும் கடமை கமக்காரனுக்கு உண்டா? பாம்பும் தன் இரையையே தேடுகின்றது. அவ்வழக்கிற் தீர்ப்புக் கூற அவன் நியமிக்கப்படவில்லை. ஆனால் வீட்டுப் பூனையின் நிலை வேறு. அது அவன் பாலூட்டி வளர்த்த பிராணி. அதன் செயலில் அவனுக்கும் பங்குண்டு. கொட்டிலின் கதவை இரவிற் சாத்திப் பூனையைத் தடுத்தலும், குருவி போய்வர ஓலையிடுக்கைத் திறந்துவிடுதலும் அவன் கடனே. தான் தோற்றுவித்த ஆபத்துக்கும் இயற்கையில் உள்ள ஆபத்துக்கும் இடையேயுள்ள இவ்வேறுபாடு மனித உறவுகளிலும் பொருந்துவதாகும்.

இரக்கம் அறிவோடு கூடாதவிடத்து அதுவே தீங்காகிவிடும் என்பதும் உணரற்பாலது. மயிலுக்குப் போர்வை அளித்த பேகனின் செயலைக் கொடைமடம் என்று சான்றோர் சுட்டினர். அவனது ஈரநெஞ்சம் போற்றத்தக்கது. ஆனால் மயிலுக்குப் போர்வை வேண்டியதில்லை. அவ்வாறே, கூட்டை நாள்தோறும் எட்டிப் பார்ப்பவரும், குஞ்சுக்குச் சோறூட்ட முனைபவரும், வசதியான இடமென்று எண்ணிக் கூட்டைப் பெயர்த்து மரத்தில் வைப்பவரும் அன்பினாலேயே அழிவு செய்கின்றனர். பெயர்த்து வைத்த கூட்டைத் தாய் தேடி வருமென்பது நிச்சயமன்று. அடைகாக்கும் தொடக்க நாட்களில் அடிக்கடி கலைக்கப்படும் பறவை கூட்டைக் கைவிட்டுவிடவும் கூடும். மறுபுறத்தில், மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் ஏற்காது என்ற பரவலான நம்பிக்கை உண்மையன்று. தவறி விழுந்த குஞ்சைக் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம். வைத்தபின் விலகிச் செல்லலே சிறந்த உபகாரம். இறகு நிரம்பி நிலத்திற் தத்தித் திரியும் குஞ்சோ பெரும்பாலும் அநாதையன்று. தாய்ப்பறவை அருகிலேயே இருந்து இரையூட்டும்.

இறுதியாக, வலுவானதோர் ஆட்சேபம் உண்டு. ஊர்க்குருவி ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை முட்டையிடும். பழைய கூட்டையே மீண்டும் பயன்படுத்தும். அவ்வாறாயின் ஒரு மாதம் என்று தொடங்கிய கடப்பாடு முடிவின்றி நீண்டு, கொட்டில் குருவிக்கே உரியதாகிவிடாதா? ஆகாது. கடப்பாடு கூட்டிலுள்ள உயிர்களுக்கேயன்றி இனிவரும் தலைமுறைகளுக்கு எழுதிக்கொடுத்த உறுதியன்று. குஞ்சுகள் பறந்ததும், அடுத்த முட்டை இடப்படுமுன், வெற்றுக்கூட்டை அகற்றி இடைவெளியை அடைத்தல் அறத்துக்கு மாறானதன்று. ஆயின் எல்லா வளவுக்காரரும் அடைத்துவிட்டால் குருவி எங்கே செல்லும்? ஓலைக்கூரை மறைந்து சீமெந்துக் கட்டடங்கள் பெருகிய இக்காலத்தில், உலகின் பல நகரங்களில் ஊர்க்குருவி அருகியுள்ளமை யாவரும் அறிந்ததே.

இதற்கு முன்னோர் கண்ட விடை எளிமையானது. இலங்கையின் பல பகுதிகளில், துளையிட்ட மண்முட்டியொன்றை வீட்டு இறப்பிலே குருவிக்கெனக் கட்டித் தொங்கவிடும் வழக்கம் இருந்து வந்துள்ளது. சமைக்கும் சட்டிக்கும் விதைக்கும் மேலே குருவியை வைத்திருக்க அவர்கள் உடன்படவில்லை, துரத்திவிடவும் மனங்கொள்ளவில்லை. தமது உரிமையின் எல்லையையும் குருவியின் தேவையையும் ஒருங்கே அறிந்து, இரண்டுக்கும் இடையே ஒரு முட்டியைத் தொங்கவிட்டனர்.

எனவே, கேளாது புகுந்த உயிருக்கும் கொட்டிலின் சொந்தக்காரனுக்கும் இடையேயுள்ள வழக்கு, உரிமை என்ற சொல்லால் மட்டும் தீர்க்கப்படக்கூடியதன்று. புகுமுன் தடுக்க அவனுக்கு உரிமையுண்டு; மாற்றிடமற்ற நிலையில் வெளியேற்ற உரிமையில்லை; அந்நிலை நீங்கும்வரை காத்திருத்தலும், காத்திருத்தலின் நட்டத்தைத் தானே ஏற்றலும் அவன் கடன். வேறு போக்கிடமின்றி ஒரு கூரையின் கீழ் ஒதுங்கியிருப்பவை குருவிகள் மட்டுமல்ல. போரினாலும் வறுமையினாலும் பிறர் வாசலில் நின்ற மனிதரை இந்நாடு நிறையக் கண்டுள்ளது. அவர்களை முன்னிட்டும் இவ்வினா எழுந்தே தீரும். ஒரு மாதம் குருவிக்காகக் காத்திருக்கப் பழகிய கை, மனிதன் வந்து நிற்கும்போது கதவைச் சாத்துமுன் சற்றே தயங்கும். அத்தயக்கத்திலிருந்தே அறம் தொடங்குகின்றது எனலாம்.