மனந்திருந்தியதற்குச் சாட்சி யார்?

பிரிட்டனில் தடயவியல் உளவியலாளர் ஆக விரும்புபவர், முதுகலைப் பட்டம் வாங்கிய கையோடு அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. குறைந்தது இரண்டு ஆண்டுகள் தகுதிபெற்ற ஒருவரின் மேற்பார்வையில் வேலை பார்க்க வேண்டும். பெரும்பாலும் சிறைகளிலும் பாதுகாப்பு மனநல மருத்துவமனைகளிலும். கைதியோடு உட்கார்ந்து பேசி, கோப்புகளைப் புரட்டி, இவரை வெளியே விட்டால் என்ன ஆகும் என்று அறிக்கை எழுதுவது அந்த வேலையில் முக்கியமான பகுதி.

அப்படி எழுதும்போது புதியவர் கையில் எளிதாக வந்து விழும் வாக்கியம் ஒன்று உண்டு: “குற்றத்தை ஒப்புக்கொள்ள மறுக்கிறார்; ஆகவே மறுபடியும் செய்யக்கூடியவர்.” படிக்கிற யாருக்கும் நியாயமாகத்தான் தோன்றும். நல்ல மேற்பார்வையாளர் அந்த ‘ஆகவே’யைச் சுழித்து, ஆதாரம் எங்கே என்று கேட்பார்.

ஆதாரம் தேடினால் கிடைப்பது வேறு. பாலியல் குற்றவாளிகளைப் பற்றிய 61 ஆய்வுகளை 1998-இல் கனடாவின் கார்ல் ஹான்சனும் மோனிக் புசியேரும் ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். குற்றத்தை மறுத்தவர்கள், ஒப்புக்கொண்டவர்களைவிட அதிகமாக மறுபடி அதில் இறங்கியதாகத் தெரியவில்லை. யோசித்தால் இதில் அதிசயமும் இல்லை. வெட்கப்படுகிறவன் மறுப்பான். பெற்ற தாய் முகத்தில் விழிக்க முடியாதே என்று பயப்படுகிறவனும் மறுப்பான். அழுது ஒப்புக்கொள்கிறவனுக்கோ, அழுதால் விடுதலை சீக்கிரம் வரும் என்ற கணக்கும் இருக்கலாம்.

இங்கேதான் உளவியல், சமயத்தின் வாசலில் போய் முட்டிக்கொள்கிறது. கிறிஸ்தவத்தில் பாவ அறிக்கை, இஸ்லாத்தில் தவ்பா, சைவ அடியார்களின் கண்ணீர் என்று, பாவிக்குக் கதவு திறப்பது வருத்தம்தான். ஆனால் அந்த வருத்தத்தைக் கேட்பவன் கடவுள். உள்ளே இருப்பது அவனுக்குத் தெரியும். சிறைக்குள் அதைக் கேட்பவர் இருபத்தைந்து வயதுப் பயிற்சியாளர். அவர் முன்னால் இருப்பது ஒரு மேசை, ஒரு கோப்பு, ஒரு முகம்.

இந்தச் சிக்கல் பழையது. பிரிட்டிஷ் சிறைகளில் பௌத்தக் கைதிகளுக்காக 1985-இல் தொடங்கிய அமைப்பின் பெயரே அங்குலிமாலா. கொன்றவர்களின் விரல்களைக் கோத்து மாலையாகப் போட்டுக்கொண்ட கொள்ளைக்காரன், புத்தரைச் சந்தித்துத் துறவியான கதை அது. அந்தக் கதையில் பலரும் தாண்டிப்போகும் பகுதி ஒன்று உண்டு. அவனைப் பிடிக்கக் குதிரைப்படையோடு வந்த அரசன், இதோ இருக்கிறார் என்று புத்தர் காட்டியதும் நடுங்கிப்போகிறான். புத்தரின் சொல்லை நம்பித்தான் அடங்குகிறான். ஊராருக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. பிச்சைக்குப் போன இடத்தில் கல் விழுந்து, மண்டை உடைந்து திரும்புகிறார் அங்குலிமாலர். மனம் மாறியது உண்மை. அதைப் பார்க்க மற்றவர்களுக்கு வழி இல்லை.

ஊரார் பயத்தை முட்டாள்தனம் என்று தள்ளவும் முடியாது. 2019 நவம்பர் 29 அன்று லண்டன் ஃபிஷ்மாங்கர்ஸ் ஹாலில், கைதிகளின் கல்விக்காகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் நடத்திய திட்டத்தின் விழா நடந்தது. அங்கே இரண்டு இளைஞர்களைக் குத்திக் கொன்றவர், அதே திட்டத்தில் படித்து, திருந்தியவராகக் கருதப்பட்டு அழைக்கப்பட்ட முன்னாள் கைதி.

வருத்தத்தைப் பாடமாகவே நடத்திப் பார்த்ததும் உண்டு. இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் பாலியல் குற்றவாளிகளுக்கு 1990-களின் தொடக்கத்திலிருந்து ஒரு பயிற்சி நடந்தது. செய்ததைக் குழுவின் முன் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று உணர வேண்டும். ஏறக்குறைய பாவ அறிக்கைதான், பாதிரியார் மட்டும் இல்லை. 2017-இல் நீதித்துறை அமைச்சகம் வெளியிட்ட மதிப்பீடு வேறு சேதி சொன்னது. பயிற்சி பெற்றவர்களில் 10 சதவீதம் பேர் மறுபடி பாலியல் குற்றம் செய்திருந்தார்கள். பெறாதவர்களில் 8 சதவீதம். பயிற்சியை நிறுத்தினார்கள். நல்ல எண்ணத்தோடு பாடம் நடத்திய உளவியலாளர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

அப்படியானால் பயிற்சியாளர் எதைத்தான் எழுதுவது? எச்.சி.ஆர்.-20 என்ற கருவியைப் பார்க்கலாம். இருபது அம்சங்கள்: பத்து கடந்த காலம், ஐந்து இப்போதைய நிலை, ஐந்து வருங்காலச் சூழல். முதல் பத்து, செய்த வினை மாதிரி; யார் அழுதாலும் அழியாது. மற்ற பத்தில்தான் மனிதனுக்கு இடம் இருக்கிறது: வெளியே வீடு உண்டா, துணை யார், சிகிச்சைக்கு ஒழுங்காகப் போவாரா. கூட்டி மதிப்பெண் போட்டு ஆளை எடைபோடுவது இதன் நோக்கம் இல்லை. எந்தச் சூழல் கூடினால் இவர் கை ஓங்குவார், அதை எப்படித் தடுப்பது என்று எழுத வைப்பதே நோக்கம்.

இது சிறிய கேள்விபோலத் தெரியலாம். ஆனால் நேர்மையான கேள்வி. ஒருவர் திருந்திவிட்டார் என்றோ, திருந்தவே மாட்டார் என்றோ முத்திரை குத்துவது இரண்டுமே, அந்த மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு இல்லாத அதிகாரம். மேற்பார்வை இரண்டு ஆண்டு நீள்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

கைதியை வெளியே விடலாமா என்று முடிவு செய்யும் பரோல் வாரியத்தின் முன்னால் சட்டம் வைத்திருக்கும் கேள்வியும் அதை ஒட்டியதுதான்: பொதுமக்களின் பாதுகாப்புக்கு இவரை இனியும் அடைத்து வைப்பது அவசியமா? மனம் வருந்துகிறாரா என்று அது கேட்கவில்லை.