கண்டு வந்தவரின் கடன்

1981-ஆம் ஆண்டில், சர்வதேச நிதிக் கழகத்தில் உத்தியோகம் பார்த்த அந்துவான் வான் ஆக்ட்மால் என்பவர், மூன்றாம் உலகம் என்ற பெயரில் மூலதனம் திரட்டப் புறப்பட்டால் தனவந்தர்கள் முகம் சுளிப்பார்கள் என்று கண்டு, 'வளர்ந்துவரும் சந்தைகள்' என்ற பிரயோகத்தை உண்டாக்கினார். பெயர் மங்களகரமானதுதான்; ஆனால் ஒரு தேசத்து ஜனங்களைச் சந்தை என்று அழைத்துப் பழகிவிட்டால், கொள்வதும் விற்பதுமன்றி அவர்களிடத்தில் வேறு கடமையும் உண்டென்ற நினைவு மெல்ல மங்கிப்போகிறது.

முதலீட்டாளர்களுக்காக மேஜையிலிருந்தே கென்யாவைக் கணித்துவந்த ஒருவர் காரியார்த்தமாக ஒரு வாரம் நைரோபிக்குப் போய்வந்தால், அவருடைய அபிப்பிராயம் மாறாமலிராது. கடன் சுமை, நாணய வீழ்ச்சி, லஞ்சம் என்று ஏட்டில் படித்ததெல்லாம் பின்னுக்குப் போய்விடும். பாதையோரத்து 'மாமா ம்போகா' (காய்கறி விற்கும் அம்மாளை அவ்வூரார் அப்படித்தான் அழைக்கிறார்கள்) சுக்குமா கீரையைப் பொடிப்பொடியாக அரிந்து பையிலிட்டுவிட்டு, விலையைப் பழைய கைபேசியிலேயே எம்-பெசா என்ற பணப்பரிமாற்ற முறையில் பெற்றுக்கொள்வது கண்முன் நிற்கும். 2007-இல் தொடங்கிய ஏற்பாடு அது. இகழ்ந்து வந்தவர் வியந்து திரும்புகிறார்.

இந்த வியப்பு இகழ்ச்சியைவிட மேலானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதே கைபேசியில் 2012 முதல் கடனும் கிடைக்கிறது. எம்-ஷ்வாரி என்ற அந்த ஏற்பாடு வந்தபோது, வட்டி என்று சொல்லாமல் கட்டணம் என்று சொல்லி, 30 நாள் தவணைக்கு நூற்றுக்கு ஏழரை வாங்கினார்கள். கொள்முதலுக்காக அக்கடனை வாங்கும் காய்கறிக்காரிக்குத் தவணை 30 நாள். அவளைப் பார்த்து வியந்தவருக்கோ பிரயாணம் 7 நாள். அவள் கடன் வாங்கும் லாகவத்தை அவர் காண்கிறார்; திருப்பிக் கட்டும் தினத்தைக் காண்பதில்லை.

கந்துவட்டிக்காரனிடம் போவதைவிட இது உத்தமமல்லவா என்று கேட்கலாம். அந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ளுவது நியாயமன்று. போகாமலே தீர்ப்புச் சொல்பவரைவிடப் போய்வந்தவர் மேல் என்பதும் உண்மை. ஆயினும் போகாதவருக்கு அறியாமை என்ற சமாதானமாவது உண்டு. கண்ணால் கண்டவருக்கு அதுவும் இல்லை. அவர் எழுதுவது வெறும் அபிப்பிராயமாகவும் நின்றுவிடுவதில்லை. அத்தகைய அறிக்கைகளைப் படிப்பவர்கள்தான் அத்தேசத்தின் கடனுக்கு விலை வைக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் கென்யா 150 கோடி டாலருக்குக் கடன்பத்திரம் விற்றபோது, வாங்கியவர்கள் நூற்றுக்குப் பத்துக்கு மேல் ஆதாயம் கேட்டார்கள். அரசாங்கம் கடனைக் கட்ட வரியைத்தான் நாடவேண்டும். அவ்வாண்டு ஜூன் 25-ஆம் தேதி, வரி மசோதாவை எதிர்த்த இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள்.

ஏழாம் நாள் விமானம் ஏறியவர், முப்பதாம் நாளைத் தாம் பார்க்கவில்லை என்று அறிக்கையிலேயே எழுதிவிடலாம். மேலதிகாரிகளுக்கு அது ரசிக்காது. அடுத்த பிரயாணத்துக்கு வேறொருவரை அனுப்பினாலும் அனுப்புவார்கள்.