விழவிட்ட கதிர்கள்



ரூத்து நூல் பஞ்சத்தோடு தொடங்குகிறது. அப்பத்தின் வீடு என்று பெயர் கொண்ட பெத்லகேமிலேயே உணவில்லை. ஆண்டுகள் கழித்து மாமியார் நகோமியோடு அங்கே வந்த மோவாபியப் பெண் ரூத்து, அறுவடை வயலில் கதிர் பொறுக்கப் போகிறாள். சிந்தியதை ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டும் என்பது லேவியர் நூல் தந்த சட்டம். வயல்காரர் போவாசு அந்தச் சட்டத்தோடு நிற்கவில்லை. கட்டுகளிலிருந்தே கதிர்களை உருவிப் போடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று வேலையாட்களிடம் சொல்லிவைக்கிறார். ரூத்திடம் அதைச் சொல்லவில்லை.

இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு 2022 நினைவுக்கு வருகிறது. அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. கடலுக்குப் போகிற வீடுகள் பட்ட பாட்டை நான் சொல்லத் தேவையில்லை. செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவு விலை ஓராண்டுக்குள் ஏறத்தாழ 95 வீதம் கூடியிருந்தது. பால்மா பக்கற் வாங்க முடியாதவர்களுக்குக் கடைகளில் அதை உடைத்து, 50 கிராம், 100 கிராம் என்று சரை கட்டி விற்றார்கள்.

நான் அறிந்த கடைக்காரர் ஒருவர், "எவ்வளவு வேணும்?" என்று ஒருநாளும் உரக்கக் கேட்டதில்லை. கடை திறக்குமுன்பே சரைகளைக் கட்டிப் பின்தட்டில் வைத்துவிடுவார். கைக்குழந்தையோடு வரும் தாய் வாய் திறக்குமுன், பருப்போடும் சீனியோடும் ஒரு சரை பைக்குள் போய்விடும். ஒவ்வொன்றிலும் நிறுத்த அளவுக்கு மேலே ஒரு கரண்டி. மொத்த வியாபாரிகள் அவருக்கே கடன் கொடுக்க மறுத்த நாட்கள் அவை. நான் கவனித்துவிட்டேன் என்று தெரிந்ததும், "சுவாமி, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். இன்றும் அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை.

கடை நடத்துகிறவர்களே, வங்கியிலும் மருந்தகத்திலும் கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர்களே, விலையைக் குறைப்பது உங்கள் கையில் இல்லை. ஆனால் அடகுச் சீட்டோடு வட்டி கட்ட வந்தவரின் பெயரையும் தொகையையும் வரிசை முழுக்கக் கேட்கும்படி கூப்பிடாமல் இருக்கலாம். மருந்தை முழுவதும் வாங்க முடியாமல் மூன்று நாளுக்கு மட்டும் கேட்கிறவரிடம், காரணம் விசாரிக்காமல் வெட்டிக் கொடுக்கலாம். வாங்கிப் போகிறவர் தலை நிமிர்ந்து போகட்டும். போவாசு காத்தது அதைத்தான்.

மாலையில் ரூத்து கதிர்களைத் தட்டி அளந்தாள். ஏறத்தாழ ஒரு ஏப்பா வாற்கோதுமை. பொறுக்கினால் இவ்வளவு சேராது என்று நகோமிக்குத் தெரியும். இன்று எங்கே பொறுக்கினாய் என்று கேட்டவள், ஆள் யார் என்று அறியுமுன்பே அவரை வாழ்த்தினாள்.