யாருடைய சம்மதம்?

புதிய மிதிவண்டியோ புதிய கைக்கடிகாரமோ வாங்கியவர் அதைப் பயன்படுத்தத் தொடங்குமுன் எவருக்கும் இசைவு தெரிவிக்க வேண்டியதில்லை. விலையைக் கொடுத்தோம், பொருளை எடுத்தோம் என்பதோடு வாணிகம் முடிந்துவிடுகிறது. புதிய கைப்பேசியின் முறை வேறு. விலையைச் செலுத்தி, பெட்டியைத் திறந்து, அதை உயிர்ப்பித்த பின்னரே உண்மையான பேச்சு ஆரம்பமாகிறது. ‘ஏற்கிறீர்களா?’, ‘அனுமதிக்கிறீர்களா?’ என்று அது வரிசையாகக் கேட்கிறது. உலகமும் வரிசையாகத் தலையசைக்கிறது.

ஏழாண்டுகள் உழைத்த பழைய கைப்பேசிக்கு ஓய்வு கொடுத்து அண்மையில் புதியது ஒன்றுக்கு மாறினோம். வியப்புக்குரியவை பல உண்டு. எழுத்துகள் நல்ல அச்சகத்தில் அடித்தவைபோலத் துலங்குகின்றன. மூக்குக் கண்ணாடியைத் தேடாமலே குறுஞ்செய்தியை வாசிக்க முடிகிறது. காலைத் திருப்பலிக்கு முன் ஏற்றிய மின்சாரம் இரவுச் செபம் வரை தாங்குகிறது. கட்டைவிரல் மட்டும் பொத்தானைப் பழைய இடத்திலேயே தேடி ஏமாந்துகொண்டிருந்தது. அதற்குப் பாடம் கற்பிக்க ஒரு வாரம் பிடித்தது. எல்லாவற்றிலும் பெரிய வியப்பு, இரண்டையும் அருகருகே வைத்த ஒரு மணி நேரத்திற்குள் பழையதில் இருந்த படங்கள், மடல்கள், எண்கள் அனைத்தும் புதியதற்குள் குடியேறிவிட்டதுதான். பங்கு மாறிச் செல்லும்போதெல்லாம் பாதி நூல்களையாவது மழையிலும் லாரியிலும் பறிகொடுத்துப் பழகியவர்களுக்கு இது அதிசயமே. ஆனால் நம்மைச் சிந்திக்க வைத்தவை இந்த வசதிகள் அல்ல. அந்தக் கேள்விகள், அவற்றுள்ளும் குறிப்பாக ஒன்று.

மனிதர் செய்வதெல்லாம் மனிதச் செயல் ஆகிவிடாது என்பது அறநெறி இறையியலின் அரிச்சுவடி. தூக்கத்தில் புரள்வதும் ஒரு செயல்தான். அதற்கு எவரும் கணக்குக் கேட்பதில்லை. அறிவும் விருப்பமும் கூடிப் பிறக்கும் செயலுக்கே மனிதர் பொறுப்பாளி. இதன் கனத்தை நாம் மிகத் தெளிவாகக் காண்பது திருமணத்தில். மணமக்கள் இருவரையும் தனித்தனியே அழைத்து, பெற்றோரையும் வெளியே அமரச் செய்து, ‘உம்முடைய முழு மனத்தோடுதானா?’ என்று கேட்கிறோம். கேட்பது வெறும் சடங்குக்காக அன்று. வன்முறையாலோ பேரச்சத்தாலோ பெறப்பட்ட ஒப்புதலிலிருந்து திருமணமே உருவாவதில்லை என்பது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் நிலை. பந்தல், மேளம், விருந்து எல்லாம் நடந்திருக்கலாம். உள்ளே சம்மதம் இல்லையேல் எதுவும் நடக்கவில்லை.

இந்த அளவுகோலைக் கைப்பேசியின் ‘ஏற்கிறேன்’ என்னும் பொத்தானின்மேல் வைத்தால் என்ன மிஞ்சும்? அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலீசியா மெக்டொனால்டு, லோரி கிரேனர் ஆகிய இருவர் 2008இல் ஒரு கணக்குப் போட்டனர். ஓர் ஆண்டில் ஒருவர் காணும் இணையத்தளங்களின் தனியுரிமை அறிக்கைகளை மட்டும் சொல் விடாமல் வாசிப்பதானால் 200 மணி நேரத்திற்கும் மேல் செலவாகும் என்றனர். கைப்பேசிச் செயலிகள் பெருகுவதற்கு முந்தைய கணக்கு அது. ஆகவே வாசிக்காமல் அழுத்துவதே உலக வழக்காயிற்று.

வாசிக்காதது குற்றமா? புனித தாமஸ் அக்குவினாஸ் அறியாமையை வகைப்படுத்தும்போது, ‘தெரிந்துகொண்டால் சங்கடம், தெரியாமலே இருப்போம்’ என்று மனிதர் தாமே விரும்பித் தேடிக்கொள்ளும் அறியாமையைத் தனியே பிரித்துக் கண்டிக்கிறார். அது மன்னிப்புக்கு வழியாகாது என்பது அவர் முடிவு. ஆனால் வாசிக்கப்படக் கூடாது என்றே எழுதப்பட்டதுபோல் நீளும் ஓர் ஆவணத்தை வாசிக்காத எளிய மனிதரை அந்தக் கூண்டில் நிறுத்துவது நீதியாகாது. அவருக்குப் பொருந்துவது அரிஸ்டாட்டில் தம் ‘நிக்கோமாக்கிய அறவியல்’ நூலின் மூன்றாம் பகுதியில் தரும் எடுத்துக்காட்டு. கப்பல் புயலில் சிக்கிவிட்டது. மாலுமி சரக்கைக் கடலில் எறிகிறான். அதை அவன் விரும்பிச் செய்தானா? அமைதியான கடலில் எவரும் சரக்கை எறியமாட்டார். ஆயினும் அந்த நொடியில் எறிய முடிவு செய்தது அவன்தான். விருப்பும் விருப்பின்மையும் கலந்த செயல் என்று அதை அரிஸ்டாட்டில் அழைக்கிறார். வங்கிக் கணக்கும், எரிவாயு உருளைப் பதிவும், பிள்ளையின் பள்ளி அறிவிப்பும் ஒரே கண்ணாடித் துண்டுக்குள் வந்துவிட்ட காலத்தில், ‘ஏற்கவில்லை’ என்று சொல்லி வாழ்வது எல்லாராலும் ஆகிற காரியமன்று. ஆகவே நம் பெயர், நம் பிறந்தநாள், நாம் நடக்கும் தெரு ஆகியவற்றை நாம் கடலில் எறிகிறோம். நட்டம் நம்முடையது. அதில் எவருக்கும் நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்த எடுத்துக்காட்டில் எளிதில் கண்ணில் படாத ஒன்று உண்டு. மாலுமி எறிந்த சரக்கு யாருடையது? பெரும்பாலும் அவனுடையதாக இராது. கப்பலில் ஏற்றி அனுப்பிய வணிகர்களுடையது. ரோட்ஸ் தீவினரின் கடல் வழக்கத்தை ஏற்றுக்கொண்ட உரோமைச் சட்டம் இதை மறக்கவில்லை. கப்பலைக் காக்க ஒருவரது சரக்கு எறியப்பட்டால், தப்பிய சரக்குகளின் உரிமையாளர் அனைவரும் அந்த இழப்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று அது விதித்தது. உயிர் பிழைக்கும் அவசரத்திலும் பிறர் பொருள் பிறர் பொருளே.

புதிய கைப்பேசியில் நாம் நின்றுவிட்ட இடம் இதுதான். படங்களைச் சுருக்கித் தரும் ஒரு சிறு செயலி, ‘உங்கள் தொடர்புகளை அணுக அனுமதிக்கிறீர்களா?’ என்று கேட்டது. ‘உங்கள்’ என்கிறது. 1,400க்கும் மேற்பட்ட எண்கள் அதில் உள்ளன. அவற்றுள் நம்முடையது ஒன்றே ஒன்று.

ஒரு பங்குத் தந்தையின் கைப்பேசியில் எண்கள் எப்படிப் பதியப்பட்டிருக்கும் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம். பங்கில் ஒரே பெயருடையோர் இருபது பேராவது இருப்பர். ஆகவே பெயரோடு ஒரு குறிப்பும் சேர்ந்துவிடும். ‘தெற்குத் தெரு, டயாலிசிஸ்.’ ‘திருமண வழக்கு, பெண் வீடு.’ ‘குடி நிறுத்தியவர், மேஸ்திரி.’ ‘மகன் சிறையில்.’ எண்ணைவிடக் குறிப்பே பெரிய இரகசியம். ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டவை எந்தக் கருவியிலும் இல்லை, இருக்கவும் முடியாது. அதன் முத்திரை வேறு. ஆனால் அந்த முத்திரைக்கு வெளியே, பங்கு இல்லத்துத் திண்ணையில் அமர்ந்து மக்கள் சொல்லிச் செல்லும் துயரங்களின் பரப்பு மிகப் பெரிது. பழைய அறநெறிப் பாடநூல்கள் இரகசியத்தை மூன்றாகப் பிரிக்கும்: பொருளின் தன்மையாலேயே காக்க வேண்டியது, காப்பதாக வாக்களித்தது, நம்பி ஒப்படைக்கப்பட்டது. ‘யாரிடமும் சொல்லாதீர்கள் சாமி’ என்று ஒருவர் கேட்டுக்கொள்ளாவிட்டாலும் முதல்வகைக் கடமை நம்மைக் கட்டுகிறது. இது குருக்களுக்கு மட்டும் உரியதென எவரும் எண்ண வேண்டாம். ஆசிரியை, செவிலியர், வட்டிக்குக் கடன் வாங்கித் தரும் நண்பர், நான்கு வீட்டில் வேலை செய்யும் பெண்மணி ஆகிய அனைவரின் கைப்பேசியிலும் இத்தகைய குறிப்புகள் உறங்குகின்றன.

தமிழ் மரபு இதற்கு ஓர் அழகிய சொல்லை வைத்திருக்கிறது: அடைக்கலம். சிலப்பதிகாரத்தில் ஒரு காதையே அப்பெயர் தாங்கியது. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் இடையர் குலப் பெண்ணிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். கோவலன் கொலையுண்டதிலோ மதுரை எரிந்ததிலோ மாதரியின் பிழை எதுவுமில்லை. ஆயினும் அடைக்கலத்தைக் காக்க இயலாமற் போயிற்றே என்று அவள் தீப்புகுந்ததை, பின்னர் வஞ்சிக் காண்டத்தில் மாடலன் வாயிலாக இளங்கோவடிகள் அறியத் தருகிறார். அந்த முடிவை நாம் போற்றவில்லை. பிறர் நம்பி வைத்த ஒன்று தன் சொந்தப் பொருளைவிடக் கனமானது என்று அறிந்திருந்தாளே, அந்த அறிவைச் சொல்கிறோம்.

ஓர் எண்ணை வெளியிடுவதில் இத்தனை கேடா என்று கேட்கலாம். முன்பு தொலைபேசித் துறை தடித்த அட்டவணை நூலை அச்சிட்டு ஊரெங்கும் கொடுத்ததே. பெயரும் முகவரியும் எண்ணும் அதில் வரிசையாக இருந்தனவே! நியாயமான கேள்வி. அந்த நூல் இன்னாரிடம் தொலைபேசி உண்டு என்று மட்டும் சொல்லிற்று. இன்னார் யாரை அறிவார், யாரிடம் என்ன பெயரால் அறியப்படுகிறார் என்று சொல்லவில்லை. ஒருவரது தொடர்புப் பட்டியல் அவரது உறவுகளின் வரைபடம். அதன் விலை தெரிந்தவர்கள் தெரிந்தே அதைத் தேடினர்.

2012 பிப்ரவரியில் ‘பாத்’ என்னும் செயலி தன் பயனாளர்களின் முகவரிப் பட்டியல் முழுவதையும் கேளாமலே தன் கணினிகளுக்கு எடுத்துச்சென்றது வெளிப்பட்டது. அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. மறு ஆண்டு அமெரிக்க அரசின் வணிக ஆணையத்துக்கு 8,00,000 டாலர் செலுத்த இசைந்தது. 2012இல் அந்தச் செயல் வெளிப்பட்ட பின்னரே தொடர்புகளைத் தொடுமுன் கேட்க வேண்டும் என்ற ஏற்பாடு ஐபோனில் வந்தது. நம் நாட்டில் இதன் கொடிய முகத்தைப் பெருந்தொற்றுக் காலத்தில் கண்டோம். சில ஆயிரம் ரூபாய் உடனடிக் கடன் தரும் செயலிகள் கடன் பெற்றவரின் தொடர்புகளை எல்லாம் எடுத்துக்கொண்டன. தவணை தவறியதும் மாமியாருக்கும், முதலாளிக்கும், பள்ளித் தோழிக்கும் இழிவான செய்திகள் பறந்தன. அவமானம் தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவுகளையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் நெறிமுறை விதித்தது. கூகுள் நிறுவனமும் 2023இல் தன் செயலிக் கடையில் அவ்வாறே தடை செய்தது. அந்த மாமியாரும் தோழியும் எந்தப் பொத்தானையும் அழுத்தியவர்கள் அல்லர் என்பதை மனத்தில் இருத்த வேண்டும். அவர்கள் பெயரால் சம்மதித்தவர் வேறொருவர். அவரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை.

இன்னொரு வாதமும் உண்டு. ‘நாம் மறுத்து என்ன பயன்? அதே எண்களை ஊரில் வேறு நூறு பேர் ஏற்கெனவே கொடுத்திருப்பர்.’ உண்மையாகவே கொடுத்திருப்பர். ஆனால் பக்கத்து வீட்டார் சொல்லிவிட்டதால் நம்மிடம் வைத்த இரகசியத்திலிருந்து நமக்கு விடுதலை கிடைத்துவிடாது. அந்த நூறு பேரிடம் ‘டயாலிசிஸ்’ என்ற குறிப்பும் இருக்கப்போவதில்லை.

சட்டம் உதவுமா? 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமையை அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023இல் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சம்மதம் என்பது தடையற்றதாய், குறிப்பானதாய், விவரம் அறிந்து தருவதாய் இருக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுவதை வாசிக்கையில் திருமண விசாரணைத் தாளை வாசிப்பது போன்ற உணர்வு எழுந்தது. தகவல் அறிக்கையைத் தமிழில் கேட்டுப் பெறவும் அது வழி செய்கிறது. நல்ல சட்டமே. ஆனால் தனிமனிதர் ஒருவர் தம் சொந்த, இல்லத் தேவைக்காகக் கையாளும் தகவல்களை அது தன் எல்லைக்கு வெளியே வைத்துவிட்டது. ஒவ்வொரு பாட்டியின் கைப்பேசியையும் சட்டம் சோதிக்க முடியாது. அப்படிச் செய்யவும் கூடாது. எனவே நம் கைப்பேசியில் உறங்கும் பிறர் எண்களுக்கு நம் மனச்சாட்சியைத் தவிர வேறு காவல் அதிகம் இல்லை. 2024 முதல் ஐபோனில், பட்டியல் முழுவதையும் தராமல் தேர்ந்தெடுத்த சிலரை மட்டும் ஒரு செயலிக்குக் காட்டும் வசதி வந்திருக்கிறது. படங்களைச் சுருக்கும் அந்தச் செயலிக்கு நாம் ஒருவரையும் காட்டவில்லை. அதனால் அதன் வேலை எதுவும் கெடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எல்லாம் இவ்வளவு எளிதாக முடிவதில்லை. புதிய கைப்பேசி வந்த செய்தி அறிந்த பங்கின் இளைஞர்கள், எல்லாக் குடும்பங்களையும் இணைத்து ஒரு வாட்ஸாப் குழு தொடங்கலாமே என்றனர். ‘எண்கள் உங்களிடம் இருக்கின்றன, இரண்டு நிமிட வேலை சாமி.’ அவர்கள் சொன்னது சரிதான். இறப்புச் செய்தியும் இரத்தம் தேவை என்ற வேண்டுகோளும் அரைநாளில் எட்டுவது அரை நிமிடத்தில் எட்டும். அது சிறு நன்மை அன்று. ஓர் உயிரே அதில் தங்கியிருக்கலாம். ஆனால் அத்தகைய குழுவில் ஒவ்வொருவர் எண்ணும் மற்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். கணவனின் அடிக்கு அஞ்சி ஊர் மாறி வந்து, எண்ணையும் மாற்றிக்கொண்டு வாழும் பெண் எந்தப் பங்கிலும் ஒருத்தியாவது இருப்பாள். அவளைத் தனியே விட்டுவிட்டு மற்றவரைச் சேர்த்தால், விடப்பட்டதே அவளைக் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே அன்பியப் பொறுப்பாளர்கள் வீடுவீடாகச் சென்று கேட்பது என்று முடிவாயிற்று. இரண்டு நிமிட வேலை மூன்று வாரம் பிடித்தது. இளைஞர்கள் சற்று முணுமுணுத்தனர். பெரும்பாலோர் மகிழ்ச்சியுடன் எண்ணைத் தந்தனர். சிலர் வீட்டுத் தலைவரின் எண் போதும் என்றனர். சில வீட்டார் வேண்டாம் என்றனர். அவர்களுக்குரிய அறிவிப்புகள் கோவில் கதவில் ஒட்டும் தாளிலும், ஞாயிறு திருப்பலியின் முடிவிலும், அவசரமென்றால் நேரில் செல்லும் ஓர் இளைஞன் வழியாகவும் எட்டுகின்றன. ஏன் வேண்டாம் என்று அவர்களிடம் எவரும் கேட்கவில்லை.