மினுக்கு

நெற்றியில் சந்தனம் பூசினால் பக்தி என்கிறோம். சனிக்கிழமை தலை முதல் கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து ஊறினால் ஆரோக்கியம் என்கிறோம். குழந்தையின் கன்னத்தில் தேங்காய் எண்ணெய் தடவினால் அது வாத்சல்யம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் படுக்கப் போகுமுன் தம் முகத்துக்கு ஏதாவது ஒரு கிரீமைத் தடவிக்கொண்டால் மட்டும் அதற்கு நம் ஊரில் ஒரே பெயர்தான்: மினுக்கு. பெயர் எந்த இடத்தில் மாறுகிறது, யார் மாற்றுகிறார்கள் என்ற கேள்வி, சென்ற ஆடி மாதம் உத்தமபாளையத்தில் தங்கியிருந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டது. இதென்ன பெரிய விஷயம் என்று வாசகர்கள் தள்ளிவிட வேண்டாம். பெரிய விஷயங்களுக்கெல்லாம் நம்மிடம் தயாராகப் பதில் இருக்கிறது. இதற்குத்தான் இல்லை.

ஒரு நாவலை முடிக்க வேண்டும் என்று நண்பருடைய தோப்பு வீட்டுக்குப் போயிருந்தேன். நாவல் முடியவில்லை, அது வேறு கதை. கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும். நடுவில் நெல்லும் தென்னையும் வாழையும் திராட்சைப் பந்தலும். 1895-இல் முடிந்த பெரியாறு அணை, மேற்கே ஓடிக்கொண்டிருந்த தண்ணீரைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பி இந்தப் பூமியை இருபோக வயலாக்கியது. தண்ணீரைத் திருப்ப முடிந்தது. காற்றைத் திருப்ப யாராலும் முடியவில்லை. ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவக் காற்று தன்னிடமிருக்கும் மழையை இடுக்கிப் பக்கம் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி, வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடேறுகிறது. சூடேற ஏற அதன் தாகம் கூடுகிறது. கூடலூர்ப் பக்கம் கொஞ்சம் சாரல் எட்டிப் பார்க்கும். கீழே வர வர வெறும் காற்றுதான். ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகளை வரிசை வரிசையாக நட்டு வைத்திருப்பது சும்மா அல்ல.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மியைப் பற்றி எனக்குத் தெரியாது. என் முகம் பறந்தது. நான்காம் நாள் கன்னம் இரண்டும் வெள்ளை பூத்துப் பொரிந்து போயிற்று. சிரித்தால் தோல் இழுத்தது. சவரம் செய்தால் எரிந்தது. தேங்காய் எண்ணெயைப் பூசிப் பார்த்தேன். அரை மணி நேரம் பளபளத்துவிட்டு மறுபடி இழுத்தது. அதனால் கடைத்தெருவுக்குப் போய் ஒரு மருந்துக் கடையில், "தோல் வறட்சிக்கு இரவில் பூசுகிற கிரீம் ஏதாவது கொடு, தம்பி" என்று கேட்டேன்.

"மேடத்துக்கா சார்?"

"இல்லை, எனக்குத்தான்."

பையன் சிரித்துக்கொண்டே இரண்டு மூன்று டியூப்களை எடுத்துப் போட்டான். "இது வெள்ளையாவும் ஆக்கும் சார்" என்று ஒன்றைத் தனியாகத் தள்ளி வைத்தான். எனக்கு இந்த வயதில் நிறம் மாற வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை என்று சொல்லி, நிறத்தைப் பற்றி வாயே திறக்காத ஒன்றை வாங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் என் பக்கத்தில் ஓர் அம்மாள் வந்து நின்றாள். வயது ஐம்பதுக்குக் குறையாது. சேலைக்கு மேல் பழைய ஆண்பிள்ளைச் சட்டை. காலை ஜீப்பில் கம்பமெட்டு ஏறி ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டுத் திரும்புகிறவள் என்று பார்த்ததுமே தெரிந்தது. நான் வாங்கியதையே காட்டி, அதில் சின்னது இருக்கிறதா என்று கேட்டாள்.

"யாருக்குக்கா?"

"மகளுக்குத்தான்ப்பா. கேட்டுக்கிட்டே இருக்கா."

சுருக்குப்பையை அவிழ்த்துக் காசு எண்ணிக் கொடுத்தாள். அந்த விரல்களைப் பார்த்தேன். மூட்டுக்கு மூட்டு வெடிப்பு. வெடிப்புக்குள் ஏலக்காய்க் கறை கறுப்பாக உட்கார்ந்திருந்தது. கடையைவிட்டு இறங்கியதும் தாழ்வாரத்து ஓரமாக நின்று மூடியைத் திருகினாள். கொஞ்சம் பிதுக்கி விரல் மூட்டுகளில் தேய்த்தாள். பிறகு இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துவிட்டு, கையில் மிச்சமிருந்ததைச் சட்டென்று இரண்டு கன்னங்களிலும் தடவிக்கொண்டு, முந்தானையை முகத்தோடு இழுத்து விட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அந்தப் பக்கவாட்டுப் பார்வை என்னோடு தோப்பு வீட்டுக்கு வந்துவிட்டது. நாவலாசிரியனுக்கு இப்படிப்பட்டவை சுலபமாகக் கிடைக்கும். ஆனால் கிடைத்ததைக் கதையாக்கிவிட்டால் அதைப் பற்றி யோசிக்க வேண்டிய கடமையிலிருந்து தப்பிவிடலாம். இந்த முறை தப்ப மனமில்லை.

முதலில் அந்தக் களிம்பு உண்மையில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். அதற்காக என் முகத்தை இரண்டாகப் பிரித்தேன். வலக் கன்னத்துக்குக் கிரீம். இடக் கன்னத்துக்கு வெறும் தண்ணீர். தோல் மருத்துவர்கள்கூட இப்படி ஒரே முகத்தின் இரு பாதிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது உண்டு. ஒரே காற்று, ஒரே சாப்பாடு, ஒரே கவலை. வித்தியாசம் களிம்பு மட்டும்தான். முதல் இரவு பிசுபிசுப்பு. தலையணை உறையில் ஒரு கறை. இரண்டாம் இரவு, முகத்தைக் கழுவி ஈரம் முழுவதும் உலருமுன் பூசினேன், பிசுபிசுப்பு குறைந்தது. மூன்றாம் நாள் காலை சவரக் கத்தி வலப் பக்கம் வழுக்கிக்கொண்டு போயிற்று. இடப் பக்கம் உறுத்தியது. ஐந்தாம் நாள் வலக் கன்னத்தில் பொருக்கு இல்லை.

இதன் காரணம் நான் நினைத்ததற்கு நேர்மாறாக இருந்தது. வறண்ட தோலுக்கு எண்ணெய்ப் பசை போதவில்லை என்றுதான் நம்மில் பலரும் எண்ணுகிறோம். 1952-இல் இர்வின் பிளாங்க் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், உலர்ந்து விறைத்த காய்ப்புத் தோல் துண்டுகளை எண்ணெய்களில் ஊறவைத்துப் பார்த்தார். விறைப்பு போகவில்லை. தண்ணீரில் போட்டதும் மிருதுவாயிற்று. தோலை மென்மையாக்குவது எண்ணெய் அல்ல, தண்ணீர்தான். அந்தத் தண்ணீரும் வெளியிலிருந்து வருவது குறைவு. உடம்பின் உள்ளிருந்து ஊறி மேலே வந்து ஓயாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. இரவில் அது பகலைவிடச் சற்று அதிகம். தோலின் மேலடுக்கு செங்கற்சுவர் மாதிரி. செத்த அணுக்கள் செங்கல், இடையிலுள்ள கொழுப்பு சாந்து. காற்று சாந்தைக் கெடுக்கும்போது சுவர் கசிகிறது. கிரீமிலுள்ள கிளிசரின் நீரைப் பிடித்து வைக்கிறது. பெட்ரோலியம் ஜெல்லி போன்றவை மேலே ஒரு மெல்லிய மூடியாகப் படிகின்றன. அதாவது, டியூபிலிருந்து என் முகத்துக்கு எந்த அழகும் வந்து சேரவில்லை. என்னுடையதை என்னிடமே நிறுத்தி வைத்தது, அவ்வளவுதான்.

நண்பரின் தோட்டத்துப் பன்னீர்த் திராட்சையைக் காட்டினால் இது இன்னும் விளங்கும். 2023-இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். பழுத்த குலையைக் கையில் எடுத்தால் கறுப்புத் தோலின்மேல் வெண்சாம்பல் மாதிரி ஒரு பூச்சு தெரியும். பட்டணத்தில் பலர் அதை மருந்துத் தூள் என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறார்கள். மருந்து தெளித்த மிச்சம் இருக்கலாம், கழுவத்தான் வேண்டும். ஆனால் அந்த வெண்பூச்சு பழம் தானே சுரந்துகொண்ட மெழுகு. உள்ளிருக்கும் நீர் போகாமல் காக்கிறது. உலர்திராட்சை போடுகிறவர்கள் முதலில் செய்வது, பழத்தை ஒரு காரக் கரைசலில் முக்கி அந்த மெழுகைக் கெடுப்பதுதான். அதன் பிறகே பழம் சீக்கிரம் சுருங்கும். திராட்சை மினுக்கிக்கொள்கிறது என்று இதுவரை யாரும் குற்றம் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் நண்பரைக் கூப்பிட்டு, எந்தக் கன்னத்தில் வித்தியாசம் தெரிகிறது என்று கேட்டேன். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எதையும் நிதானமாகச் செய்கிறவர். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்துவிட்டு, இடக் கன்னத்தைத் தொட்டு, "இந்தப் பக்கம்தானே?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசனை வந்தது. மினுக்கு என்றால் பிறர் பார்வைக்காகச் செய்வது. பார்க்கிறவருக்கே தெரியாத ஒன்றை எப்படி மினுக்கு என்பது? என் வலக் கன்னம் நன்றாக இருக்கிறது என்பது உலகத்தில் எனக்கு ஒருவனுக்கு மட்டும் தெரிந்த சங்கதி. சிரிக்கும்போது இழுக்கவில்லை, அவ்வளவே. அதற்குப் பெயர் அலங்காரம் அல்ல, இதம்.

நண்பர் விடவில்லை. "அழிகிற உடம்புக்கு இவ்வளவு உபசாரம் எதற்கு? நம் பெரியவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள்?" என்று ஆரம்பித்தார். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக்கொண்டு முற்றத்து வெயிலில் ஒரு மணி நேரம் உட்காருகிறவர் அவர். அதை நினைவூட்டினேன். "அது வேறு, அது வைத்தியம்" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் தாம் செய்வதை வைத்தியம் என்று அழைக்கும் உரிமை அவருக்கு எங்கிருந்து கிடைத்தது? ஆண், படித்தவர், ஓய்வூதியக்காரர், ஊரில் 'சார்' என்று கூப்பிடப்படுகிறவர். மருந்துக் கடையில் நான் "எனக்குத்தான்" என்று சொல்ல முடிந்ததும் அதே காரணங்களால்தான். பையன் சிரித்தான், சிரித்ததோடு சரி. அந்த அம்மாள் "எனக்குத்தான்" என்று சொல்லியிருந்தால் அந்தச் சிரிப்பு கடையோடு நின்றிருக்காது. மறுநாள் ஜீப்பில் ஏறியிருக்கும்.

அவளுக்குத் தேவை என்னைவிட அதிகம் என்பதில் சந்தேகமே இல்லை. ஏலச்செடி காய்ப்பது உச்சியில் அல்ல. தூரிலிருந்து தரையோடு ஓடும் சரத்தில். நாள் முழுவதும் குனிந்தோ குந்தியோ மலை மழையிலும் ஈரச் சருகிலும் கைவிட்டுக் காய் எடுக்க வேண்டும். ஊறிய கையோடு மாலையில் கீழே இறங்கினால் இந்தக் காற்று. நனைவதும் காய்வதுமாக மாறி மாறி வரும்போதுதான் தோல் மிக மோசமாக வெடிக்கிறது. வெடித்த தோல் வழியாகத் தோட்டத்து மருந்தும் உள்ளே போகும். ஆகவே விரல் மூட்டுக்குக் களிம்பு என்றால் நம்மில் ஒருவரும் ஆட்சேபிக்க மாட்டோம். நண்பர்கூட, "பாவம், பூசிக்கொள்ளட்டும்" என்றார்.

இந்தப் பெட்ரோலியம் ஜெல்லி பிறந்த கதையே அதுதான். 1859-இல் ராபர்ட் செஸ்பரோ என்ற இளம் ரசாயனக்காரர் அமெரிக்காவில் டைட்டஸ்வில் எண்ணெய்க் கிணறுகளைப் பார்க்கப் போனார். துளைக் கம்பிகளில் படிந்த மெழுகை அங்கிருந்த தொழிலாளிகள் தங்கள் வெட்டுக் காயத்துக்கும் தீப்புண்ணுக்கும் பூசிக்கொள்வதைக் கண்டார். அதைத் தூய்மைப்படுத்தி 1872-இல் காப்புரிமை பெற்றார். கூலிக்காரன் கையிலிருந்து புறப்பட்ட பொருள் சீமாட்டிகளின் கண்ணாடி மேசைக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து திரும்பி வரும்போது மற்றொரு கூலிக்காரி அதைத் திருட்டுத்தனமாகப் பூச வேண்டியதாயிற்று. வழியில் நிறவெறியும் வந்து ஒட்டிக்கொண்டது. 1975-இல் நம் நாட்டில் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-இல்தான் 'ஃபேர்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'க்ளோ' என்று மாற்றிக்கொண்டது. கிரீம் என்றாலே வெளுக்க ஆசைப்படுவது என்று கடைப் பையன் நினைத்ததில் அவன் குற்றம் என்ன? அந்த வியாபாரத்தின்மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் அந்தக் கோபத்தைக் கறுத்துக் காய்ந்த ஒரு கன்னத்தின்மேல் காட்டுவது நியாயமாகப் படவில்லை.

ஏனென்றால் நான் கேட்பது விரல் மூட்டைப் பற்றி அல்ல; அந்தக் கன்னத்தைப் பற்றி. கையில் மிச்சமிருந்ததை அவள் கன்னத்தில் தடவினாளே, அதை என்னவென்று சொல்வது? கன்னத்தில் வெடிப்பு இல்லை, ரத்தம் இல்லை. வேலை நின்றுவிடாது. மூட்டுக்குப் பூசியது தேவை, கன்னத்துக்குப் பூசியது ஆசை என்று கோடு போட நம் கை உடனே நீளுகிறது. ஏழைகளுக்கு உதவி செய்கிறவர்கள்கூட அந்தக் கோட்டின் இந்தப் பக்கமே நிற்கிறார்கள். அரிசி கொடுப்பார்கள், மருந்து கொடுப்பார்கள். வாங்குகிறவள் தலையில் முழம் பூவைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். வலி இருந்தால் இரங்குகிறோம். வலி இல்லாமல் வெறுமே இதமாக இருக்க அவர்கள் விரும்பினால் கணக்குக் கேட்கிறோம். என் கன்னத்திலும்தான் ரத்தம் இல்லை. ஒன்பது நாள் நான் சோதித்ததும் கன்னத்தைத்தான். என்னிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை. இதோ, பத்திரிகையில் கட்டுரைகூட எழுதிக்கொள்கிறேன்!

அவள் மகளைச் சாக்காகச் சொன்னது எனக்குப் பொய்யாகத் தோன்றவில்லை. மகள் உண்மையில் இருக்கலாம், கேட்டிருக்கலாம், டியூபில் பாதி அவளுக்குப் போயும் இருக்கலாம். தனக்கென்று ஒன்றைக் கேட்க வேண்டுமானால் வேறொருவர் பெயரில்தான் கேட்க வேண்டும் என்பதை நம் வீட்டுப் பெண்கள் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். என் தாயார் தமக்குப் பிடித்த பலகாரத்தைக் கடைசிவரை "பிள்ளைகளுக்குப் பிடிக்கும்" என்றே செய்துவந்தார்.

டியூபின்மேல், இரவில் பூசி ஆறு முதல் எட்டு மணி நேரம் விடவும் என்று அச்சடித்திருக்கிறது. உத்தமபாளையத்தில் அந்த எட்டு மணி நேரம் எனக்குத் தாராளமாகக் கிடைத்தது. காய் எடுக்கப் போகிறவர்கள் இருட்டின பிறகு வீடு வந்து, உலை வைத்து, பாத்திரம் கழுவி, அந்தக் கழுவலில் மறுபடி கையை நனைத்துக்கொண்டு, பத்து மணிக்குமேல் படுக்கிறார்கள். மூன்றரைக்கோ நாலுக்கோ எழுந்து மறுநாள் சோறு கட்ட வேண்டும். ஐந்து மணிக்குக் கடைத்தெரு முனையில் ஜீப் வந்து ஹாரன் அடிக்கும். காற்றுச் சத்தத்தையும் மீறி அது தோப்பு வீடு வரை கேட்கும். புரண்டு படுப்பேன். என் வலக் கன்னத்தில் கிரீம் அப்போதும் கொஞ்சம் பிசுபிசுத்துக்கொண்டுதான் இருக்கும்.