சபைக்கு முன்னாடி சிறைக்குப் போன வீரர்



சஷ்டி வந்தா போதும், சூரசம்ஹார வீடியோவுக்கு மாஸ் பிஜிஎம் போட்டு ஸ்டேட்டஸ் வைக்கிறோம். நானும்தான் வைக்கிறேன். வேல் பாயுற அந்த நொடியில உடம்பே சிலிர்க்கும். ஆனா போர்ல ஒருத்தரை மாவீரர்னு சொல்ல வைக்கிறது எது? எத்தனை பேரை வீழ்த்தினார்ங்கிற கணக்கா?

எனக்குப் பதில் கிடைச்சது கந்தபுராணத்து மகேந்திர காண்டத்துல. சூரபத்மனோட போர் தொடங்குறதுக்கு முன்னாடி நடந்த கதை அது.

திருச்செந்தூர்ல படையோட தங்கின முருகப்பெருமான் உடனே போருக்குக் கிளம்பல. "தேவர்களை விட்டுவிடு" என்று சூரனிடம் சொல்ல, வீரபாகுவைத் தூது அனுப்பினார். படை இல்லை, துணை இல்லை. கந்தமாதன மலையிலிருந்து கடலைத் தாண்டி, தனி ஆளா வீரமகேந்திரபுரம் போனார் வீரபாகு.

தூதர் நேரா ராஜசபைக்குத்தானே போகணும்? இவர் முதல்ல போனது சிறைக்கு! அங்கே இந்திரன் மகன் சயந்தன், தேவர்களோடு அடைபட்டுப் புலம்பிக்கிட்டு இருந்தான். முருகன் அவன் கனவுல வந்து ஆறுதல் சொன்னார். அடுத்து வீரபாகு நேர்லயே வந்து நின்னார். சிறையை அவர் உடைக்கல. "ஐயன் வந்துட்டார், உங்களை மீட்பார்" என்று தேற்றினார். அப்புறம்தான் சபைக்குப் போய், சூரனுக்கு எதிரே சரிசமமா ஆசனத்துல உட்கார்ந்து, பயமில்லாம செய்தியைச் சொன்னார்.

சபையில அவர் காட்டின வீரத்தை ஊரே பார்த்தது. சிறையில சொன்ன ஆறுதலுக்குக் கைதட்ட ஆள் இல்லை. ஆனா யாருக்காக இந்தப் போர்னு அவர் மறக்கலை பாருங்க, அங்கதான் எனக்கு அவர் மாவீரர். சூரன் மயிலும் சேவலுமா ஆனது நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கு. அந்தச் சிறைக்கதவு திறந்ததையும் ஞாபகம் வெச்சுக்கணும்.

நம்ம காண்டாக்ட் லிஸ்ட்லயும் ஒரு சயந்தன் இருப்பான். அரியர் விழுந்து ரூமை விட்டு வராதவன், வேலை போனதை வீட்ல சொல்ல முடியாதவள், ஆஸ்பத்திரியில அப்பாவுக்குத் துணையா தனியா உட்கார்ந்திருக்கிறவன். அவங்க கஷ்டத்தை உங்களால தீர்க்க முடியாம இருக்கலாம். வீரபாகுவும் அன்னிக்குத் தீர்க்கலை. போய் நின்னார், தைரியம் சொன்னார்.

இதைப் பத்து குரூப்புக்கு அனுப்புறதுக்கு முன்னாடி, அந்த ஒருத்தருக்கு ஒரு போன் பண்ணுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🦚